ஒரு சுற்றுக்கு அரைச் சாண்

“அம்மணி, என் வண்டி எதுக்கு இப்படிக் குடிக்குது?”

கேட்டவன் சென்னியப்பன். ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷமாக ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து, சும்மா இருக்கும்போதுகூட விரல்கள் வளைந்தே இருக்கும்.

அவன் அம்மணி என்று கூப்பிட்ட ருக்குமணிக்கு நாற்பது இன்னும் நிறையவில்லை. கருங்கல் கணவாயின் அடிவாரத்தில், தூங்குமூஞ்சி மரத்தின் கீழே டயர்க் கடை வைத்திருந்தாள். பஞ்சர் பார்ப்பாள், காற்று அடிப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டாள். அதற்காகவே அவளிடம் கேட்க வருகிறவர்கள் இருந்தார்கள்.

அவள் ஒரு டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி தடவிக்கொண்டிருந்தாள்.

“குடிக்குதுன்னு யாருங்ணா சொன்னாங்க?”

“மீட்டர் சொல்லுது.”

“மீட்டர் வேற என்ன சொல்லுது?”

“அது என்னத்தச் சொல்லும்? ஓடுன கிலோமீட்டரச் சொல்லும்.”

“ஓ,” என்றாள். டயரைத் தடவினாள்.

கணவாய்க்கு மேலே ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. காலையிலிருந்து பாதை அடைப்பு. அடிவாரத்தில் வண்டிகள் தண்ணீருக்குள் இறங்கிய எருமைகள் மாதிரி கண்சொருகி நின்றன. வெயில் நகரவில்லை. தூரத்தில் தார் ரோட்டின் மேல் தண்ணீர் தேங்கியிருப்பதுபோல் தெரிந்தது. அதற்கு மேலே மலை, தரையைத் தொடாமல், கொஞ்சம் மிதந்தது.

சென்னியப்பனுக்கு மலையும் மிதக்கவில்லை, ஒன்றும் மிதக்கவில்லை. நெஞ்சில் ஒரு கல் கிடந்தது.

விஷயம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் முதலாளி நாச்சிமுத்து பழைய ஒன்பது இருபது டயர்களைக் கழற்றிவிட்டு, ஒரு நம்பர் பெரிதாகப் பத்து இருபது போட்டார். வண்டி நிமிர்ந்து நின்றது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, நாலு புள்ளி ரெண்டுக்கு இறங்கிவிட்டது.

ஒரு ட்ரிப்புக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். கணக்குப் போட்டால் பதினாலு லிட்டர் இடிக்கிறது.

பதினாலு லிட்டர் என்பது ஒரு கேன்.

லாரித் தொழிலில் ஒரு கேன் என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். ரோட்டோரம் ஒரு மரத்தடி, ஒரு ட்யூப், ஒரு கேன். டேங்கிலிருந்து உறிஞ்சி விற்றுவிட்டு, “வண்டி குடிக்குதுங்க” என்று சொல்கிற டிரைவர்களை முதலாளிகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் சொல்வது அந்த ஒரே வாக்கியம்தான். சென்னியப்பன் சொன்னதும் அதேதான்.

முதலாளி கத்தவில்லை. டீசல் டேங்க் மூடிக்கு ஒரு பூட்டுப் போட்டார். சாவியைத் தன் அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

“இந்த ட்ரிப்பும் இப்படியே வந்துச்சுன்னா, சரக்க எறக்கிட்டு வண்டிய அங்கயே நிறுத்திரு. வேற ஆள அனுப்பறேன். நீ பஸ்ஸுல வந்துரு.”

பத்தொன்பது வருஷம் அந்த ஒரே முதலாளியிடம் ஓட்டியவன், பஸ்ஸில் வந்து இறங்கினால் அவன் ஊர் சங்ககிரியில் அத்தனை பேருக்கும் அர்த்தம் தெரியும்.

“ஒரு சொட்டு எடுத்ததில்லீங்க அம்மணி,” என்றான். “எம்புள்ளைங்க மேல சத்தியமா.”

“நான் கேக்கவே இல்லீங்களே.”

பக்கத்தில் இன்னொரு லாரி காற்றுப் பிடிக்க நின்றிருந்தது. அதன் டிரைவர் காளியண்ணன், வண்டிக்கு அடியில் தூளி கட்டிப் படுத்திருந்தவன், தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

“சத்தியம் பண்றவனப் பாத்தாத்தாண்ணா மொதலாளிக்குச் சந்தேகமே வரும்.”

“நீ தூங்குப்பா.”

“எங்க தூங்கறது? உங்க வண்டி குடிக்குதுங்கறீங்க, ஊத்திக் குடுத்தது யாருன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வருமா?”

ருக்குமணி எழுந்தாள். காதில் செருகியிருந்த மஞ்சள் சாக்பீஸை எடுத்தாள். சென்னியப்பன் வண்டியின் பின்சக்கரத்தில், தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு. அதற்கு நேராகத் தரையில் ஒரு கோடு.

“எடுங்கண்ணா.”

“எங்கீங்க?”

“கோடு ஒரு சுத்துச் சுத்திக் கீழ வர்ற வரைக்கும்.”

வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. மஞ்சள் கோடு மேலே ஏறி, சூரியனைப் பார்த்து, கீழே இறங்கி மண்ணைத் தொட்டது. நின்ற இடத்தில் அவள் இன்னொரு கோடு போட்டாள். இரண்டுக்கும் நடுவில் கயிற்றை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டாள்.

“காளியண்ணா, உங்க வண்டி?”

“என் வண்டி குடிக்கறதில்லீங்க அக்கா. விரதம்.”

“டயரு?”

“ஒம்பது இருபது. அவருது பழைய சைசு.”

“எடுங்க.”

காளியண்ணன் தூளியிலிருந்து இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டினான். கோடு, கயிறு, முடிச்சு.

இரண்டு முடிச்சுக்கும் நடுவில் கொஞ்சம் கயிறு மிஞ்சியது. ருக்குமணி அதைச் சென்னியப்பனிடம் நீட்டினாள். அவன் கையை விரித்து அளந்தான். அரைச் சாண்.

“அவரு வண்டியும் ஒரு சுத்து. உங்க வண்டியும் ஒரு சுத்து,” என்றாள். “மீட்டரு எதைங்ணா எண்ணுது? ரோட்டையா, சுத்தையா?”

சென்னியப்பன் கயிற்றை மறுபடி அளந்தான்.

மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. எங்கோ ஒரு வண்டியில் ரேடியோ பாடி, பாதியில் தூங்கிப்போனது.

“சுத்தைத்தான்,” என்றான் மெதுவாக. “கியர்பாக்ஸுலருந்து போற சுத்தைத்தான் எண்ணுது.”

“ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லு?”

அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு மாதமாகக் கல்லும் மீட்டரும் ஒத்துப்போகவில்லை. கல் இருநூற்று நாற்பது என்றால் மீட்டர் இருநூற்று முப்பத்திரண்டு என்றது. ஒவ்வொரு தடவையும் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டான்.

“நாலு வழி ரோடு போட்டப்ப கல்லை மாத்தி நட்டுட்டாங்கன்னு நெனச்சேனுங்க.”

காளியண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

“இங்கருந்து எல்லை வரைக்குமா? அத்தனை கல்லையும் புடுங்கியா? உங்க ஒரு மீட்டருக்காகவா அண்ணா?”

சென்னியப்பனும் சிரித்தான். இரண்டு மாதத்தில் முதல் தடவை. நெஞ்சிலிருந்த கல் உருண்டது.

“அப்ப டீசலு எங்கயும் போகல. வண்டி ஓடிருக்கு, மீட்டர் எண்ணல. அவ்வளவுதானுங்களே அம்மணி?”

ருக்குமணி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“இந்த அரைச் சாணு, ஒரு ட்ரிப்புக்கு எவ்வளவுங்ணா ஆகும்?”

சென்னியப்பன் குந்தி உட்கார்ந்து மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் லிட்டரும் கிலோமீட்டரும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. போட்டான், அழித்தான், மறுபடி போட்டான்.

விடை வந்ததும் குச்சி நின்றது.

“ஏழு.”

“ஏழு லிட்டரா?”

“ஏழு.”

“அரைக் கேனு,” என்றாள் ருக்குமணி. “மீதி அரைக் கேனு?”

உருண்ட கல் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

காளியண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணா, கயித்தக் காட்டி ஒரு முழுச் சாணுன்னு சொல்லிருங்க. கேன் நெறஞ்சுரும். உங்க மொதலாளி என்ன, கயித்தத் தூக்கிட்டு மலையடிவாரத்துக்கு வந்து அளக்கப் போறாரா?”

சென்னியப்பன் ருக்குமணியைப் பார்த்தான்.

“சொல்லிக்கலாம்,” என்றாள் அவள். போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

திரும்பி வரும்போது கையில் சாக்பீஸ் இருந்தது.

கடைக்குப் பின்னாலேயே கணவாய் ரோடு தொடங்கிவிடும். அடைப்பு என்பதால் ஒரு வண்டி இல்லை. அவ்வளவு அகலமான ரோடு, ஆளே இல்லாமல், வெள்ளை வெயிலில் மேலே மேலே போய் ஒரு வளைவில் காணாமல் போனது. அந்த ரோட்டைச் சென்னியப்பன் காலால் மிதித்ததே இல்லை.

ருக்குமணி குனிந்து குனிந்து கோடு போட்டுக்கொண்டே ஏறினாள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் எட்டித்தான் கால் வைக்க முடியும். வளைவு வரைக்கும் போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

“ஜாக்கியத் தூக்கிக்குங்கண்ணா.”

“எதுக்குங்க?”

“கோட்டு மேல மட்டும் கால் வெச்சு அந்த வளைவு வரைக்கும் போங்க. நடுவுல கால் படக்கூடாது.”

லாரி ஜாக்கி. இருபத்தைந்து கிலோ இரும்பு. தோளில் ஏற்றிக்கொண்டான்.

முதல் ஐந்து கோடு நன்றாகப் போனது. எட்டி எட்டி வைத்த நீளமான அடி. கம்பீரமாகக்கூட இருந்தது. எட்டாவதில் தொடை நடுங்கியது. பத்தாவதில் ஒரு கோட்டில் நின்றுகொண்டு அடுத்த கோட்டைப் பார்த்தான். அது ஆற்றுக்கு அக்கரை மாதிரி இருந்தது.

“என்னண்ணா, மலைக்கு வேண்டுதலா?” என்று கீழேயிருந்து காளியண்ணன் கத்தினான். வரிசையில் தூங்கிய டிரைவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள்.

“கோடு தாண்டக் கூடாதாம். கபடி ஆடறாரு போல.”

“ஒண்டியாவா?”

பன்னிரண்டாவது கோட்டில் சென்னியப்பன் நின்றுவிட்டான். வாய் பிளந்திருந்தது. மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை. கண்ணுக்கு முன்னால் ரோடு கறுப்பாக அலையடித்தது.

“எறங்கி வாங்க,” என்றாள்.

வந்தான். தண்ணீர் கொடுத்தாள். உட்காரவைத்தாள். நிழல் ஒரு முழம் நகரும் வரைக்கும் விட்டாள்.

“இப்ப மறுபடியும் ஏறுங்க.”

“ஐயோ.”

“கோட்டப் பாக்காதீங்க. உங்க காலு எங்க வைக்கச் சொல்லுதோ அங்க வைங்க.”

அதே ஜாக்கி. அதே ஏற்றம். காலை எட்டி வைக்காமல், பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். கோயில் பிரகாரத்தில் அடிப்பிரதட்சணம் செய்கிறவர்கள் மாதிரி. அவசரமே இல்லை. மூச்சுக்கு ஒரு அடி, அடிக்கு ஒரு மூச்சு. தோளில் இருந்த இரும்பு எப்போதோ அவனோடு பேசாமல் நடக்கத் தொடங்கிவிட்டது. ஒரு மைனா கூடவே வந்தது. எட்டாவது கோடு எங்கே, பன்னிரண்டாவது எங்கே என்று தெரியவில்லை.

தலை நிமிர்ந்தபோது வளைவில் நின்றிருந்தான். கீழே லாரிகள் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன.

ருக்குமணி பின்னாலேயே ஏறி வந்திருந்தாள்.

“எத்தனை அடி ஆச்சு?”

“எண்ணலீங்க. ரெட்டிப்பு இருக்கும்.”

“மூச்சு?”

“இருக்கு.”

அவள் தலையாட்டினாள். இருவரும் வளைவின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்கள். பள்ளத்தாக்கிலிருந்து புகையா மேகமா என்று சொல்ல முடியாத ஒன்று மெதுவாக எழுந்துகொண்டிருந்தது.

“பெரிய டயரு,” என்றாள் அவள், பள்ளத்தாக்கிடம் சொல்வதுபோல. “நீளமா எட்டி வைக்குது.”

சென்னியப்பன் தொடையைத் தடவிக்கொண்டே ரோட்டிலிருந்த கோடுகளைப் பார்த்தான்.

பிறகு அவனாகவே தொடங்கினான்.

“எனக்குத் தொழில் பழக்கின குருசாமி சொல்லுவாரு. கியர எறக்குனா டீசல் எறங்கும்னு. மேல் கியருலயே வுட்டாத்தான் மிச்சம்னு.”

“சமதரையில சரிதானுங்களே.”

“டயரு மாத்துன மொத ட்ரிப்புலயே மொதலாளி மூஞ்சி மாறிருச்சு, அன்னைலருந்து நான் கியர எறக்கறதே இல்லீங்க அம்மணி. மேடு வந்தாலும், ஒம்போது டன் ஜவ்வரிசி முதுகுல கெடந்தாலும், மேல் கியருலயே மிதிச்சு மிதிச்சு ஏத்தறது. எஞ்சின் கடகடங்கும். கறுப்பாப் பொகை போகும். எறக்கமாட்டேன். எறக்குனா ஒரு சொட்டுக் கூடப் போயிருமோன்னு பயம். ஒரு சொட்டுக்கூட...”

நிறுத்தினான்.

“அந்தக் கறுப்புப் பொகை...”

கையிலிருந்த சாக்பீஸ் தூளை ருக்குமணி ஊதிவிட்டாள்.

“நான் திருடன் இல்லேன்னு காட்டறதுக்காகவே,” என்றான் சென்னியப்பன், “அரைக் கேன் எரிச்சிருக்கேன்.”

மூன்றரை மணிக்கு அடைப்புத் திறந்தது. கண்டெய்னரை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். அதற்கு இரண்டு டயர் மாற்ற வேண்டும் என்று ருக்குமணியைக் கூப்பிட ஆள் வந்தது. அவள் ஜாக்கியையும் கடப்பாரையையும் தூக்கிக்கொண்டு சென்னியப்பன் வண்டியிலேயே ஏறிக்கொண்டாள்.

ஏறியதும் முதல் வேலையாகத் தோளில் கிடந்த துண்டை எடுத்து மீட்டரின் மேல் போட்டு மூடினாள்.

“அம்மணி, ஸ்பீடு தெரியாதுங்களே!”

“காது இருக்குதுங்களே.”

வண்டி ஏறத் தொடங்கியது. முதல் வளைவில் அவன் கை வழக்கம்போல மேல் கியரைவிட்டு வரமாட்டேன் என்றது. எஞ்சின் அடித்தொண்டையில் இருமியது. தரையெல்லாம் நடுங்கியது. ருக்குமணி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கியரை இறக்கினான்.

இருமல் நின்றது. எஞ்சின் ஒரு சுருதியைப் பிடித்தது. ஏற்றம் கடுமையானது, இன்னொன்று இறக்கினான். வண்டி பக்கத்தில் பக்கத்தில் கால் வைத்து ஏறியது. பின்கண்ணாடியில் பார்த்தான். காற்றுதான் இருந்தது, கறுப்பு இல்லை.

மூன்றாவது வளைவுக்கு மேல் மேகம் ரோட்டில் இறங்கியிருந்தது. மரங்கள் வந்தன, போயின. எதிரே வருகிற லாரிகள் விளக்கு மட்டுமாக வந்து, உருவம் எடுத்து, கடந்து, கரைந்தன. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எத்தனை லிட்டர், ஒன்றும் தெரியவில்லை. வண்டி ஓடுகிறது என்பது மட்டும் தெரிந்தது. இருபது வயதில் முதன்முதலாக ஸ்டியரிங்கைத் தொட்ட அன்று அப்படித்தான் தெரிந்தது. நடுவில் எப்போது மறந்தது என்று யோசித்தான். பிடிபடவில்லை.

உச்சியில் கண்டெய்னர் ஒருபக்கம் சாய்ந்து நின்றிருந்தது. ருக்குமணி இறங்கினாள். ஜாக்கியை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“அம்மணி, மொதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?”

அவள் திரும்பவில்லை. மேகத்துக்குள் நடந்துபோனாள். கொஞ்ச நேரத்தில் இரும்பில் இரும்பு தட்டும் சத்தம் மட்டும் வந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் போன் அடித்தது.

“எங்க இருக்கே?”

“கணவாய் உச்சிங்க மொதலாளி. இப்பத்தான் தெறந்துவிட்டாங்க.”

“என்ன குடுக்குது வண்டி? அதே கதைதானா?”

சென்னியப்பன் மேகத்தைப் பார்த்தான். அரைச் சாண், முழுச் சாண். இங்கே எது எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

“ஒரு கேன் இடிக்குதுங்களே, அதுல அரைக் கேன் எங்கயும் போகலீங்க. டயரு பெருசு. ஒரு சுத்துக்கு அரைச் சாண் அதிகம் ஓடுது. மீட்டரு சுத்தைத்தான் எண்ணுது. ரோட்டோரக் கல்லோட ஒத்துப் பாத்தீங்கன்னா உங்களுக்கே தெரியும்.”

“சரி.” நாச்சிமுத்துவின் குரலில் ஒன்றும் இல்லை. “மீதி?”

“மீதி அரைக் கேன நான்தானுங்க காலி பண்ணேன்.”

சென்னியப்பன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

“விக்கலீங்க. மேட்டுல கியர் எறக்காம ஓட்டி, பொகையா விட்டுட்டேன். ரெண்டு மாசமா. தப்பு எம்மேலதான்.”

முதலாளி கேட்டார்.

“அதையும் மீட்டரு தலையிலயே போட்டிருக்கலாமே. இதுல எந்த அரைக் கேன நான் நம்பட்டும்?”

“ரெண்டாவத நம்புங்க மொதலாளி. மொதலாவது பின்னாலயே வரும்.”

மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது.

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார்.

“எறக்கிட்டுக் கூப்புடு. நீ திரும்பி வர்றதுக்கு ஒரு லோடு பாத்து வெக்கறேன்.”